தையில் கோடு, ஆடியில் காற்று

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது ஊருக்குள் இருப்பவர்களின் நம்பிக்கை. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே, மலையடிவாரத்தில், தை பிறந்தால் பிறப்பது கோடு. வனத்துறைக் காகிதங்களில் அதைத் தீத்தடுப்புக் கோடு என்று எழுதுவார்கள்; வேலை செய்கிறவர்களுக்கு அது ‘ஃபயர் லைன்’. ஐப்பசி, கார்த்திகை மழையில் இடுப்பளவு வளர்ந்த புல் பழுத்து முறுகத் தொடங்கும் நாட்களில், அரிவாளும் மண்வெட்டியுமாக ஆட்கள் காட்டுக்குள் போகிறார்கள். புல்லை அறுத்து, சருகைக் கூட்டி, மண் தெரியும்வரை சுரண்டி, சில மீட்டர் அகலத்துக்கு மொட்டையான நீளப் பாதை ஒன்றைப் போடுகிறார்கள். அறுத்த புல்லை வெயிலில் காயவைத்து, காற்று அடங்கிய நேரம் பார்த்து, கண்காணிப்போடு எரித்துவிடுவதும் உண்டு. பின்னால் தீ வந்தால் இந்தக் கோட்டில் தின்பதற்கு எதுவும் இருக்காது.

கோடு போடும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு, அதே ஆட்களில் சிலரைத் தீக்காவலர்களாகக் கோடை முடியும்வரை வைத்துக்கொள்வார்கள். மலையுச்சி ஒன்றில் உட்கார்ந்து புகை பார்ப்பது, ‘பீட்’ எனப்படும் காவல் எல்லைக்குள் நடந்து சுற்றுவது, யாராவது பீடியோ அடுப்போ பற்றவைக்கிறார்களா என்று கவனிப்பது, தீ என்றால் முதலில் ஓடுவது. மழை இறங்கியதும் வேலையும் முடிந்துவிடும். அடுத்த தையில் மறுபடி கூப்பிடுவார்கள். கூப்பிடாமலும் போகலாம்.

இவர்கள் காக்கிற காடு இன்று ஒரு புலிகள் காப்பகம். 1988 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில்கள் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் அதையும் தேனி மாவட்டத்து மேகமலைச் சரணாலயத்தையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள். நாட்டில் 51-ஆவது, தமிழ்நாட்டில் 5-ஆவது. மொத்தப் பரப்பு சுமார் 1,016 சதுர கிலோமீட்டர். அதில் 641 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல் மையப்பகுதி, மீதி அதைச் சுற்றிய இடைப்பகுதி. வைகை பிறப்பது இந்த மலைகளில்தான். புலி, யானை, வரையாடு, சோலைமந்தி, தேவாங்கு என்று பட்டியல் நீளும். இவ்வளவு பெரிய காட்டை நிரந்தரச் சம்பளம் வாங்கும் வனவர்களும் வனக்காப்பாளர்களும் மட்டும் நடந்து காத்துவிட முடியாது. நடப்பவர்களில் கணிசமானவர்கள் தற்காலிகக்காரர்கள்: வேட்டைத் தடுப்புக் காவலர்கள், தீக்காவலர்கள், கணக்கெடுப்புக்கு வழிகாட்டுகிறவர்கள், தண்ணீர்த் தொட்டி நிரப்புகிறவர்கள், திருவிழாக் கூட்டத்துக்குப் பின் குப்பை பொறுக்குகிறவர்கள்.

காட்டு வேலையைப் பருவ வேலை என்கிறோம். எந்தப் பருவம் என்பதில்தான் இந்த ஊருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது.

இந்தியாவில் தீக்காலம் என்றால் பொதுவாக மாசியில் தொடங்கி வைகாசியில் முடியும். ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவமழை இறங்கினால் காட்டுக்காரர்கள் மூச்சு விடுவார்கள். மலையின் மேற்குச் சரிவில், கேரளத்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில், அப்படித்தான். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு, சாப்டூர் எல்லாம் கிழக்குச் சரிவு. மேகம் தன் மழையை அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வெறும் காற்றாக இறங்குகிறது. செங்கோட்டைக் கணவாய் திறந்துவிடும் வழியில் குற்றாலத்தில் சாரல் கட்டியிருக்கும். அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் வடக்கே வந்தால் ராஜபாளையத்தில் ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருக்கும். அடிவாரக் காட்டுக்கு உண்மையான மழை ஐப்பசியில்தான். ஆக, நாட்காட்டிப்படி தீக்காலம் முடிந்த பிறகும் இங்கே காய்ந்த புல் இருக்கிறது, அதை விரட்டி எரிக்கிற காற்றும் இருக்கிறது. சதுரகிரி மலைக்கோவில் பாதையில் ஆடி மாதக் கூட்டத்தின்போதே தீப்பிடித்துப் பக்தர்களைத் தடுத்து நிறுத்த வேண்டிவந்த ஆண்டுகள் உண்டு.

கோடையிடி விழுந்தும் மூங்கில் உரசியும் காடு எரிகிறது என்று ஊரில் ஒரு கதை நெடுங்காலமாகச் சுற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கும். யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. நாட்டில் காட்டுத்தீ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மனிதர்களால் வருவது என்பதுதான் வனத்துறைகளின் கணக்கு. புதுப்புல் துளிர்க்கட்டும் என்று மேய்ச்சல்காரர் வைக்கிற தீ, தேன் எடுக்கப் போட்ட புகைமூட்டத்தின் மிச்சம், கோவில் பாறையில் ஏற்றிவிட்டுப் போன சூடம், அணைக்காத சமையல் அடுப்பு, தோப்பு ஓரத்தில் குப்பை எரித்தது, வேட்டைக்காரர் வேண்டுமென்றே மூட்டியது. இவற்றில் ஒன்று போதும். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டில் நாட்டுக் காடுகளில் 36 விழுக்காட்டுக்கும் மேல் அடிக்கடி தீப்பிடிக்கும் அபாயம் உள்ளவை.

தீயை அணைக்கத் தண்ணீர் வண்டி வரும் என்று நினைக்கிறவர்கள் இந்த மலையை ஒரு முறை நிமிர்ந்து பார்க்க வேண்டும். செண்பகத்தோப்பு வரை வண்டி போகும். ராஜபாளையம் அய்யனார் கோவில் வரை போகும். அதற்கு மேல் கால்தான். கையில் இருப்பது பச்சைக் கொப்பு. இலை அடர்ந்த கிளை ஒன்றை ஒடித்து, தீயின் விளிம்பை அடித்து அமர்த்துவது இன்றும் முதல் ஆயுதம். சில ஆண்டுகளாக முதுகில் மாட்டிக்கொள்ளும் ‘ப்ளோயர்’ வந்திருக்கிறது. சருகை ஊதித் தள்ளி, நிமிடங்களில் ஒரு கோட்டைத் திறந்துவிடும். ஆனால் அதைச் சுமந்து, அதற்குப் பெட்ரோலும் சுமந்து, செங்குத்தில் ஏற வேண்டும்.

எங்கே நிற்பது என்பதில்தான் உயிர் இருக்கிறது. தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும். மேலே உள்ள புல்லைத் தன் சூட்டாலேயே உலர்த்திக்கொண்டு போகும். அதனால் தெரிந்தவர்கள் தீக்கு மேலே நிற்க மாட்டார்கள். எரிந்து கருகிய பக்கம் கால் வைத்து, விலாவிலிருந்து அடித்துக்கொண்டே வருவார்கள். பகல் முழுக்க மேலேறும் காற்று பொழுது சாய்ந்ததும் தணியும், பிறகு மலையிலிருந்து கீழே இறங்கும். அந்த நேரத்துக்காகக் காத்திருந்து, இரவிலும் விடிகாலையிலும் வேலை பார்ப்பார்கள். அடித்து அணைக்க முடியாத பெருந்தீ என்றால், கோட்டின் ஓரத்திலிருந்து எதிர்த்தீ வைப்பார்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் எரிய ஒன்றும் மிச்சமில்லாமல் இரண்டும் சாகும். இது நேரம் தப்பினால் வைத்தவரையே வளைத்துக்கொள்ளும். அணைந்த பிறகும் வேலை இருக்கிறது. பட்ட மரத்தின் பொந்திலும் காய்ந்த யானைச் சாணத்திலும் கங்கு நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். சரிவில் ஒரு கட்டை உருண்டால் கோட்டைத் தாண்டி அடுத்த மடிப்பில் புதுத்தீ. அதை ஒவ்வொன்றாகத் தேடிக் கிளறி மண் போட்டு மூடுகிறவருக்குத்தான் தீ அணைந்தது என்று சொல்லும் உரிமை உண்டு.

வானத்திலிருந்தும் ஒரு கண் இருக்கிறது. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் படங்களில் சூட்டுப் புள்ளிகளைக் கண்டுபிடித்து, அந்தந்த ரேஞ்சுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. 2004 முதல் பயன்பட்ட மோடிஸ் கருவிக்கு ஒரு புள்ளி என்பது ஒரு கிலோமீட்டர் சதுரம். பின்னர் வந்த விர்ஸ் கருவி அதை 375 மீட்டருக்குச் சுருக்கியது. பெரிய உதவிதான். ஆனால் செயற்கைக்கோள் ஒரே இடத்தின் மேல் நாளுக்கு ஓரிரு முறைதான் கடந்துபோகும். மதியம் மூட்டிய தீயை இரவில் சொல்லக்கூடும். செய்தி வந்த பின் அந்தப் புள்ளி எந்த ஓடையின் எந்தக் கரை, எந்தப் பாறை வழியாகப் போனால் இரண்டு மணி நேரம் மிச்சம் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் பளியராக இருப்பார்.

பழனி மலையிலிருந்து வருசநாடு, மேகமலை வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர்க் காடுவரை பரவிய பழங்குடியினர் பளியர். ராஜபாளையத்தில் அய்யனார் கோவில் பக்கம், ஸ்ரீவில்லிபுத்தூரில் செண்பகத்தோப்பு, வத்திராயிருப்புப் பக்கம் தாணிப்பாறை, அத்திக்கோவில் என அடிவாரம் நெடுக அவர்களுடைய சிறு குடியிருப்புகள். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் பளியரிடையே தங்கி ஆராய்ந்தார். சண்டையை அறவே தவிர்ப்பவர்கள், ஒருவர்மேல் ஒருவர் அதிகாரம் செலுத்துவதை விரும்பாதவர்கள் என்று அவர் எழுதியது உலகெங்கும் பாடமாகப் படிக்கப்பட்டது. இந்தக் கட்டுரைக்கு அதைவிட முக்கியமானது அவர் கவனித்த இன்னொன்று. காட்டில் கிழங்கும் தேனும் தேடி வாழ்வதற்கும், அடிவாரத்தில் கூலி வேலை செய்வதற்கும் இடையே பளியர் போய்வந்துகொண்டே இருந்தார்கள். ஒன்றை விட்டு மற்றதற்கு ‘முன்னேறிப்’ போகவில்லை; இரண்டையும் தெரிந்துவைத்துக்கொண்டு, தேவைக்கேற்ப மாறினார்கள். வனத்துறையின் பருவ வேலை வருவதற்கு முன்பே அவர்கள் பருவத்துக்கு ஏற்ப வேலை மாற்றிக்கொண்டவர்கள்.

இன்றும் ஒரு பளியர் குடும்பத்தின் ஆண்டு அப்படித்தான் துண்டு துண்டாக இருக்கிறது. தையில் கோடு. பங்குனி, சித்திரையில் பாறைத்தேன். அதே மாதங்களில் தீக்காவல். மாம்பழக் காலத்தில் தோப்புக் காவல். ஆடியிலும் தையிலும் அமாவாசைக்குச் சதுரகிரிக்குச் சுமை தூக்குவது, ஏற முடியாதவர்களை டோலியில் தூக்குவது. இடையில் புலிக் கணக்கெடுப்பு, யானைக் கணக்கெடுப்பு, வரையாட்டுக் கணக்கெடுப்பு வந்தால் அதிகாரிகளுக்கும் தன்னார்வலர்களுக்கும் முன்னால் நடப்பது. தமிழ்நாட்டில் வரையாடுகள் 2024-இல் 1,031, 2025-இல் 1,303 என்று செய்தித்தாளில் படிக்கிறோம். இந்த எண்ணுக்குப் பின்னால், எந்தப் பாறை விளிம்பில் காலையில் ஆடு மேயும் என்று காட்டிக்கொடுத்த ஒருவரின் சில நாள் கூலியும் இருக்கிறது.

சரி, இத்தனையும் எதற்கு? காடு எரிந்தால் மழைக்குத் தழைத்துவிடாதா?

புல் தழைத்துவிடும். சாம்பல் நிற அணிலின் வீடு தழைக்காது. மூக்கு முதல் வால் நுனிவரை ஒரு முழத்துக்கும் மேல் நீளும் இந்த மர அணில் இந்தியாவில் தமிழ்நாட்டிலும், கேரளத்தின் சின்னாறு, கர்நாடகத்தின் காவிரிக் கரை போன்ற சில இடங்களிலும்தான் இருக்கிறது; கடல் தாண்டினால் இலங்கையில் உண்டு. தரைக்கு இறங்குவது அதற்குப் பிடிக்காது. கிளையோடு கிளை தொடும் ஓடைக்கரை மரங்களில், மருதும் நாவலும் மாவும் புளியும் கோத்த கூரையில், இலையும் குச்சியும் வைத்துப் பந்துபோல் கூடு கட்டும். ஆபத்து வந்தால் கூட்டிலிருந்து எந்தத் திசையிலும் தாவித் தப்பக் கிளை இருக்க வேண்டும். ஓடைக்கரையில் ஒரு தீ புகுந்து நாலு பெரிய மரம் பட்டுப்போனால், கூரையில் ஓட்டை விழுந்த மாதிரி. அதை அடைக்க மரம் வளர வேண்டும். அதற்கு ஒரு தலைமுறை ஆகும். வனத்துக்கு வெளியே, செண்பகத்தோப்பு மாந்தோப்புகளிலும் தென்னந்தோப்புகளிலும் அணில் நடமாடுவதற்கும் இந்தக் கிளைத் தொடர்பே காரணம். அங்கும் கிளைகள் தொடுகின்றன. சப்பட்டைக்கும் பஞ்சவர்ணத்துக்கும் பேர்போன ராஜபாளையத்தின் மாமரங்களில் அதற்கும் பங்கு உண்டு என்று அது நினைக்கிறது. தோப்புக்காரர்கள் அப்படி நினைப்பதில்லை.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். அய்யனார் கோவில் ஆற்றின் நீர்தான் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் வழியாக ராஜபாளையத்துக்குக் குடிநீராக வருகிறது. அந்த வனத்துக்குள் இருக்கிற கோவிலுக்கு நீர்காத்த அய்யனார் என்று பெயர் வைத்தவர்களுக்கு நீரியல் படிக்க வேண்டியிருக்கவில்லை. சருகு எரிந்து மண் மொட்டையான சரிவில் ஐப்பசி மழை விழுந்தால், ஊறாமல் மண்ணை அள்ளிக்கொண்டு இறங்கும். தேக்கத்தில் முதலில் வந்து சேர்வது வண்டல்.

காட்டுத்தீயில் ஆள் செத்தால்தான் அது செய்தியாகும் என்று வருத்தத்தோடு சொல்லலாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்தது நாட்டையே உலுக்கியது. கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைப் புல்வெளித் தீ வளைத்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; பலர் இளம்பெண்கள். தீ கீழேயிருந்து ஏறியது. பதறியவர்கள் பள்ளத்திலும் புல்லிலும் சிதறி ஓடினார்கள். அதன் பிறகு அதே ஆண்டு தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 தடங்கள். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போக முடியாது. வழிகாட்டிகளில் பலர் பழங்குடி இளைஞர்கள். தீ அபாயம் மிகுந்த மாதங்களில் தடங்களை மூடிவிடுகிறார்கள். மூடத்தான் வேண்டும். வழிகாட்டிக்கு அந்த மாதங்களில் வருமானம் எங்கிருந்து என்ற கேள்விக்குத் தீக்காவல் வேலை ஓர் இயல்பான பதில். ஒரு கதவு சாத்தும்போது இன்னொன்று திறக்கும்படி இரண்டையும் ஒரே கணக்கில் கோத்தால், பயிற்சி பெற்ற ஆள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி தேடிப் போகமாட்டார்.

சதுரகிரிக்கு வருவோம். சுந்தர மகாலிங்கத்தைப் பார்க்கத் தாணிப்பாறையிலிருந்து ஏறுகிறவர்கள் வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, பிலாவடிக் கருப்பர் என்று இடம் இடமாகக் கடந்து போகிறார்கள். 2015 மே மாதம் மலையில் பெய்த மழையில் ஓடை திடீரெனப் பெருகி பக்தர்கள் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு வெகுகாலம், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில் மட்டுமே அனுமதி என்ற கட்டுப்பாடு நடைமுறையில் இருந்தது. ஆடி அமாவாசைக்கு லட்சத்தைத் தொடும் கூட்டம். நுழைவில் பை சோதிப்பது, பிளாஸ்டிக் பறிப்பது, தீப்பெட்டியும் பீடியும் வாங்கி வைப்பது, ஓடைக்கு நடுவே கயிறு பிடித்து நிற்பது, கூட்டம் இறங்கிய பின் சாக்கோடு ஏறிக் குப்பை இறக்குவது. எல்லாம் அந்தச் சில நாட்களுக்கு மட்டும் சேர்க்கப்பட்ட ஆட்களும் தன்னார்வலர்களும் வனப்பணியாளர்களும் சேர்ந்து செய்கிற வேலை. புலிகள் காப்பகத்துக்குள் ஒரே நாளில் ஒரு நகரம் முளைத்து, மறுநாள் காணாமல் போகிறது. மிச்சம் வைத்துப்போவது சாக்கில் இறங்குகிறது.

இதே மலைத்தொடரில் இன்னொரு கோவிலுக்கு இதைவிடப் பெரிய அமைப்பு இருக்கிறது. சபரிமலை பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. மண்டல, மகரவிளக்குக் காலத்தில் பம்பையிலும் சன்னிதானத்திலும் சுத்தம் செய்யும் ‘விசுத்தி சேனை’யில் இருப்பவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போகும் பருவத் தொழிலாளர்கள். கார்த்திகையில் போய், தை முடிவதற்குள் திரும்புகிறார்கள். பத்தனம்திட்டா மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் சபரிமலை சுகாதாரச் சங்கம் அவர்களை அமர்த்துகிறது. கூலி, தங்குமிடம், வேலை நாள் எல்லாம் முன்கூட்டியே முடிவாகிவிடும். சதுரகிரிக்கு அந்த அளவு கூட்டமில்லை என்பது உண்மை. இங்கேயும் வேலை அதேதான் என்பதும் உண்மை.

அதே பெரியாறு காப்பகத்தின் தேக்கடி இன்னொரு பாடமும் வைத்திருக்கிறது. 1990-களின் பிற்பகுதியில், உலக வங்கிக் கடனோடு நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில், காட்டு இலவங்கமான வயனா மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுக்கொண்டிருந்தவர்களை வனத்துறை அழைத்துப் பேசியது. வழக்குகளுக்கு ஒரு முடிவு, பதிலுக்குக் காட்டுப் பாதுகாப்பும் சுற்றுலா வழிகாட்டல் வேலையும். அவர்களுக்குத் தெரிந்த பாதைகள் சட்டப்படி நடப்பவர்களுக்குத் தெரியாதவை. பின்னர் 2002-இல் குமுளிப் பக்கத்துப் பெண்கள் ‘வசந்த சேனை’ என்று கூடி, கூலி வாங்காமல் முறைவைத்துக் காட்டில் ரோந்து போகத் தொடங்கினார்கள். காப்பகத்தின் வருமானம் அங்கேயே திரும்பச் செலவாகப் பெரியாறு அறக்கட்டளை ஏற்பட்டது. 2006-இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் அப்படி ஓர் அறக்கட்டளை வேண்டும் என்கிறது. காட்டின் வருமானத்தை உள்ளூர் ஆட்களின் கூலியாகத் திருப்பிவிட ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது என்று அர்த்தம்.

கூலிக்கு அடுத்தது பணி நிரந்தரம். முதுமலைத் தெப்பக்காட்டில் தாயில்லா யானைக்குட்டிகளை வளர்த்த பெள்ளி நெடுநாள் தற்காலிகப் பணியாளர்தான். அவரும் கணவர் பொம்மனும் இடம்பெற்ற ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ ஆவணப்படம் 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பெள்ளியை மாநிலத்தின் முதல் பெண் காவடியாக (யானைப் பாகனின் உதவியாளராக) நியமித்தது. மகிழ்ச்சிதான். எல்லாத் தற்காலிகக்காரருக்கும் ஆஸ்கர் வராது என்பது மட்டும்தான் உறுத்துகிறது. வேட்டைத் தடுப்புக் காவலர்களில் பல ஆண்டு உழைத்த சிலர் வனக்காவலர் பதவிக்கு ஏறியிருக்கிறார்கள். தீக்காவலருக்கு அந்த ஏணியின் முதல் படியே எட்டவில்லை. ஒவ்வொரு ஆண்டும் அவருடைய அனுபவம் பூஜ்யத்திலிருந்து எண்ணப்படுகிறது.

அனுபவம் என்று இங்கே சொல்வது வெறும் உடல்பலத்தை அல்ல. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலைச் சோலிகர்கள் ஒரு காலத்தில் கோடை முற்றும் முன்பே சருகுக்குச் சிறு தீ வைப்பார்கள். ‘தரகு பெங்கி’ என்று அதற்குப் பெயர். தரையோடு ஓடி, சருகைத் தின்று, மரத்தைத் தொடாமல் அணையும் தீ. அது தடை செய்யப்பட்ட பிறகு உண்ணிச்செடி என்ற அயல் புதர் காட்டை மூடியது என்பது சோலிகர்களின் வாதம். பெங்களூரு அசோகா சூழலியல் ஆய்வு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் அதைப் பதிவுசெய்து அறிவியல் இதழில் விவாதித்தார்கள். ஆஸ்திரேலியாவின் வடக்கே, ஆர்ன்ஹம் நிலத்தின் மேற்குப் பகுதியில், பழங்குடி வனக்காவலர்கள் 2006 முதல் வறட்சியின் தொடக்கத்திலேயே இப்படிச் சிறு தீ வைத்துப் பின்கோடைப் பெருந்தீயைக் குறைக்கிறார்கள். குறைந்த கரிப்புகைக்கு எரிவாயு நிறுவனம் ஒன்று பணம் கொடுத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரின் செங்குத்தான ஓடைக்காட்டுக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது. அணிலின் கூரையருகே யாரும் தீயோடு விளையாடக்கூடாது. கற்க வேண்டியது வேறு. ஆர்ன்ஹம் நிலத்தில் எப்போது, எங்கே என்ற முடிவில் உள்ளூர்க்காரருக்கு ஒரு குரல் இருக்கிறது. இங்கே கோடு எந்த முகட்டில் ஓட வேண்டும் என்பதில் அரிவாள் பிடிப்பவரைக் கேட்பது அந்தந்த ரேஞ்சரின் மனசைப் பொறுத்தது. 2006-இன் வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கும் உரிமையைக் கிராம சபைக்குக் கொடுத்திருந்தும் நிலைமை இதுதான்.

உண்ணிச்செடி பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாடு 2022-இல் அயல் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கை வெளியிட்டது. இந்தப் புதரை மேலே வெட்டினால் இரட்டிப்பாகத் துளிர்க்கும். தில்லிப் பேராசிரியர் சி.ஆர். பாபு காட்டிய முறைப்படி, தண்டும் வேரும் சேரும் இடத்துக்குக் கீழே ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகப் போட வேண்டும். மூன்று ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்து முளைத்ததைப் பிடுங்கவும் வேண்டும். காய்ந்த உண்ணிப்புதர் தீக்கு ஏணி. தரைத்தீ அதன் வழியாகத்தான் மரத்தில் ஏறும். எனவே புதர் அகற்றுவதும் தீக்காவலின் பாதி. ஆள் மட்டும் அதே ஆளாக வர வேண்டும். முதல் ஆண்டு எங்கே வெட்டினோம் என்பது அவருக்குத்தான் தெரியும்.

கடைசியில் எல்லாம் ஒரு தேதியில் வந்து முட்டுகிறது. அரசின் கணக்கு ஆண்டு மார்ச் 31-இல் முடிகிறது. தீக்காலத்தின் நட்டநடுவில். பழைய ஆண்டின் பணத்தைச் செலவழித்து முடித்து, புதிய ஆண்டின் ஒதுக்கீடு மேலிருந்து ரேஞ்சுக்கு வந்து சேர்வதற்குள், பங்குனி வெயில் சித்திரை வெயிலாகியிருக்கும். மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகமும் உலக வங்கியும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட காட்டுத்தீ அறிக்கை, பருவக் காவலர்களை நம்பித்தான் இந்த அமைப்பே நிற்கிறது என்றும், அவர்களுக்குப் பயிற்சியும் கருவியும் நேரத்துக்குக் கூலியும் போதவில்லை என்றும் பேசியது. கிழக்குச் சரிவுக்கு இதில் கூடுதலாக ஒரு திருத்தம் வேண்டும். நாட்டுக்கெல்லாம் பொதுவான கோடை அட்டவணையை ஒட்டி ஜூனில் ஆட்களை அனுப்பிவிட்டால், ஆடிக் காற்றும் ஆடி அமாவாசைக் கூட்டமும் வரும்போது வத்திராயிருப்பு, சாப்டூர் மலைகளில் புகை பார்க்க ஆளிருக்காது. தை தொடங்கி ஆவணி வரை ஒரே உத்தரவில் வேலை, மார்ச் மாதத்தைத் தாண்டி ஓடும் ஒரே ஒதுக்கீடு, போன ஆண்டு வந்தவருக்கு இந்த ஆண்டு முன்னுரிமை, காலுக்கு நல்ல பூட்ஸ், தீக்காயத்துக்கும் யானைக்கும் காப்பீடு. இவற்றில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை. சென்னையில் கோப்பு ஒன்று நகர்ந்தால் போதும். அது மார்கழிக்குள் நகர்ந்தால் வரும் தைக்கே ஆகும்.